பதினைந்து நாள் தவணை

‘முக்தி பவன்’ என்ற ஹிந்தித் திரைப்படத்தை நான் 2018ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில்தான் பார்த்தேன். கொழும்பில் படிக்கும் மருமகன் ஒருவன் அதைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். வாப்பா மௌத்தாகி அப்போது மூன்று வருடங்கள். வாப்பா கடைசியாகப் படுத்திருந்த அதே முன்னறையில் காக்காவும் நானும் இருந்து பார்த்தோம்.

படத்தில் ஒரு காட்சி. காசியில் சாக வேண்டும் என்று வந்திருக்கும் முதியவரையும் அவரது மகனையும் விடுதிப் பொறுப்பாளர் ஓர் அறைக்கு அழைத்துச் சென்று ஒழுங்கு விதிகளைச் சொல்கிறார். மாமிசமும் மதுவும் கூடாது. சமையலை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அறை பதினைந்து நாட்களுக்கு மட்டுமே. முக்தி கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, அதற்குப் பிறகு அறையைக் காலிசெய்துவிட வேண்டும். காக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பு பல நாட்கள் என்னைத் தொந்தரவு செய்தது. சாகக் கிடக்கும் தகப்பனைப் பற்றிய கதையில் சிரிக்க என்ன இருக்கிறது? சிரிக்கும்படி அதைச் சொல்ல ஒரு நெறியாளருக்கு எப்படித் துணிவு வந்தது? இந்தக் கேள்விகளோடு பின்னோக்கிப் போனபோது, கங்கைக் கரையில் சாகும் பெற்றோரையும் காத்திருக்கும் பிள்ளைகளையும் பற்றிய ஒரு சிறிய திரைப்பட வரலாறு எனக்குக் கிடைத்தது. அதையே இங்கு எழுத முனைகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 77 வயதான தயா ஒரு கனவு காண்கிறார். தன் காலம் முடியப்போகிறது என்று அதிலிருந்து முடிவுசெய்து, காசிக்குப் போய்ச் சாகப்போவதாகக் குடும்பத்தாரிடம் அறிவிக்கிறார். தகப்பனைத் தனியே அனுப்ப முடியாது. மகன் ராஜீவ் கூடப்போக வேண்டும். ராஜீவுக்கோ கந்தோரில் தலைக்கு மேல் வேலை. லீவு தர மனமில்லாத மேலதிகாரி. வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் மகள். எத்தனை நாள் லீவு என்று கேட்டால் என்ன சொல்வது? தகப்பன் சாகும்வரை என்று விண்ணப்பத்தில் எழுத முடியுமா? காசிக்குப் போன பிறகும் கையில் உள்ள தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. ஒருபுறம் பஜனை, மறுபுறம் கந்தோர்க் கணக்கு. தகப்பனோ சமையல் சரியில்லை என்கிறார், விடுதியிலுள்ளவர்களோடு சேர்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறார், நாளுக்கு நாள் தெம்பாகிறார்.

அங்கே விமலா என்ற விதவை இருக்கிறார். பதினெட்டு வருடங்களுக்கு முன் சாகவென்று வந்தவர். பதினைந்து நாள் விதி என்னாயிற்று? பொறுப்பாளர் அதற்கு வழி வைத்திருக்கிறார். தவணை முடிந்ததும் அதே ஆளை வேறு பெயரில் பதிந்துகொள்வார். விதியும் மீறப்படவில்லை, ஆளும் வெளியேறவில்லை. அரச காரியாலயங்களில் ஏறி இறங்கிய நமக்கு இந்தத் தந்திரம் ஒன்றும் புதிதல்ல.

இது வெறும் கற்பனை விடுதியுமல்ல. காசியில் இறந்தால் பிறவிச் சுழற்சியிலிருந்து விடுதலை கிடைக்கும், சாகும் நேரத்தில் சிவனே வந்து காதில் மந்திரம் ஓதுவார் என்பது இந்துக்களின் நெடுங்கால நம்பிக்கை. முன்பு வசதியுள்ளவர்கள் முதுமையில் காசிக்கு வந்து வருடக்கணக்காகத் தங்கியிருந்து இறப்பார்கள். கங்கையின் மேல் டஃபரின் பாலம் 1887இல் திறக்கப்பட்ட பிறகு ரயில் பாதை நேரே நகருக்குள் வந்தது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து கடைசி நேரத்தில் நோயாளியைக் கொண்டுவருவது இலகுவாயிற்று. அப்படி வருபவர்களுக்கு இடம் வேண்டுமல்லவா? 1958இல் டால்மியா குடும்பத்தாரின் தர்ம நிதியில் ‘காசி லாப் முக்தி பவன்’ தொடங்கப்பட்டது. சாக வருபவர்களுக்கு மட்டுமான விடுதி. ஏறத்தாழ இரண்டு வாரம் என்ற தவணை உண்மையிலேயே அங்கு உண்டு. சாவு அண்மித்துவிட்டதாகத் தெரிந்தால் அதை நீட்டிக்கொடுப்பதும் உண்டு. கிறிஸ்தோபர் ஜஸ்டிஸ் என்ற ஆய்வாளர் இவ்விடுதியில் இருந்து பார்த்து, சாகவென்றே காசிக்கு வரும் பயணத்தைப் பற்றி 1997இல் ஒரு நூல் வெளியிட்டார்.

ரயிலும் தவணையும் இங்கு கவனிக்க வேண்டியவை. வருடக்கணக்காகக் காசியில் இருந்து சாவது ஒருவரின் வாழ்க்கை முறை. இரண்டு வாரத்தில் சாவது ஒரு பயணத் திட்டம். அதில் வரவும் போகவும் திகதி உண்டு; கூட வருபவர்களுக்கு லீவு உண்டு. சாவுக்கு மட்டும் திகதி கிடையாது. படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த ஓர் இடைவெளிக்குள்தான் பிறக்கிறது.

இதே காத்திருப்பு ஒருகாலத்தில் கொடூரமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வங்காளத்தில், சாகும் தறுவாயிலுள்ளவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், உடலின் கீழ்ப்பாதியைத் தண்ணீரில் வைத்துக் காத்திருக்கும் வழக்கம் இருந்தது. அந்தர்ஜலி என்று அதற்குப் பெயர். பிழைத்துக்கொண்டவர் வீடு திரும்புவது அபசகுனம் எனப்பட்டது. ஒரிசாவில் பணிபுரிந்த ஜேம்ஸ் பெக்ஸ் போன்ற ஆங்கில மிஷனரிமார் இதைப் படித்துறைக் கொலை என்றே எழுதினார்கள். மதமாற்றத்தையும் ஆட்சியையும் நியாயப்படுத்தும் தேவை அவர்களுக்கு இருந்தது என்பதை மறந்துவிட்டு அவ்வெழுத்துக்களை வாசிக்க முடியாது. ஆயினும் அவர்கள் தொட்ட சந்தேகம் பொய்யல்ல. காத்திருப்பவர்களுக்கு அவசரம் வந்துவிட்டால் கிடப்பவரின் கதி என்ன?

கமல்குமார் மஜும்தார் தமது ‘அந்தர்ஜலி யாத்ரா’ என்ற வங்க நாவலை இச்சந்தேகத்தின் மீதே கட்டினார். கௌதம் கோஷ் அதை 1987இல் படமாக்கினார். ஆற்றங்கரையில் சாகக் கிடக்கும் முதிய பிராமணர் தனியே போகமாட்டார், துணையோடுதான் போவார் என்று சோதிடர் சொல்கிறார். உடன்கட்டை ஏறவென்றே ஓர் இளம்பெண்ணை அவருக்கு மணம் முடித்துவைக்கிறார்கள். கிழவரோ சாகவில்லை. உயிராசை துளிர்த்து எழுந்து உட்கார்கிறார். பிணம் எரிக்கும் பைஜு மட்டுமே இது அநியாயம் என்று கூச்சலிடுகிறான். உடன்கட்டை 1829 டிசம்பரில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதை நினைவில் கொண்டு பார்த்தால் படத்தின் கனம் இன்னும் கூடும். சாக வந்தவர் சாகாமல் இருக்கிறார் என்பதுதான் இங்கும் கதை. முக்தி பவனில் நம்மைச் சிரிக்கவைத்த அதே நிலைமை இங்கு நெஞ்சைப் பிடித்து அழுத்துகிறது. கோஷின் படத்தில் காத்திருப்பவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கிடப்பவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் எதுவுமில்லை. அங்கு எவராலும் சிரிக்க முடியாது.

இவ்விரண்டுக்கும் முன்னோடியாக இருப்பது சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’. 1956இல் வெளிவந்தது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல்களைத் தழுவியது. படத்தின் முற்பகுதி காசியில் நிகழ்கிறது. காய்ச்சலோடு படித்துறைக்குப் போகும் தகப்பன் ஹரிஹர் படியிலேயே விழுகிறார். விடியுமுன் சிறுவன் அபு ஓடிப்போய்க் கங்கைத் தண்ணீர் கொண்டுவருகிறான். அதை வாயில் ஊற்றியதும் உயிர் பிரிகிறது. புறாக்கள் ஒரேயடியாக எழுந்து வானத்தில் பறக்கின்றன. இந்தக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பிடித்தது படத்தின் பிற்பகுதிதான்.

அபு வளர்ந்து கல்கத்தாவில் கல்லூரியில் படிக்கிறான். தாய் சர்பஜயா கிராமத்தில் தனியே இருந்து நோயில் விழுகிறாள். மகனின் படிப்புக் கெட்டுவிடும் என்று நோயை மறைக்கிறாள். ஒருமுறை விடுமுறை முடிந்து புகைவண்டி நிலையம்வரை போன அபு, வண்டி தவறிவிட்டது என்று பொய் சொல்லித் திரும்பிவந்து ஒருநாள் கூடுதலாகத் தாயோடு இருக்கிறான். ஆனால் உண்மையிலேயே வர வேண்டிய நேரத்தில் அவன் வரவில்லை. கடிதம் கண்டு ஓடி வரும்போது வீடு வெறுமையாகக் கிடக்கிறது. பரீட்சையைக் காரணம் காட்டி, கருமாதியைக் கல்கத்தாவிலேயே செய்துகொள்கிறேன் என்று சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.

நாவலில் இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. தாயின் மரணச் செய்தி கேட்டதும் அபுவுக்கு முதலில் தோன்றுவது ஒருவகை விடுதலை உணர்வு. துக்கம் பின்னால்தான் வருகிறது. அந்த ஓர் இடம்தான் தம்மை மிகவும் ஈர்த்தது என்று ரேயே பிற்காலத்தில் எழுதினார். அவர் அதைப் படத்தில் வெளிப்படையாகக் காட்டவில்லை. எனினும் தாயைவிட்டு மெல்ல விலகும் மகனை உள்ளபடி காட்டினார். வங்காளத்தில் படம் தோற்றது. தாய்க்கும் மகனுக்கும் இடையில் இப்படி ஒரு விலகல் இருக்கும் என்பதை ஊரிலுள்ள பார்வையாளர்கள் ஏற்க விரும்பவில்லை. அடுத்த வருடம், 1957இல், அதே படத்துக்கு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்தது. நம் வீட்டு உண்மையைப் பிறத்தியாரால் இலகுவாகப் பாராட்ட முடிகிறது. நமக்குத்தான் அது சுடுகிறது.

வெனிஸ் என்ற பெயர் இந்த வரலாற்றில் மீண்டும் வருகிறது. 59 வருடங்களின் பின், 2016இல், அதே விழாவில் முக்தி பவன் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நெறியாளர் சுபாஷிஷ் பூட்டியானிக்கு அப்போது இருபத்தைந்து வயது. 1984இல் சீக்கியருக்கு எதிராக நடந்த கலவரங்களைப் பின்னணியாகக் கொண்டு அவர் எடுத்த ‘குஷ்’ என்ற குறும்படம் 2013இல் அங்கேயே பரிசு பெற்றிருந்தது. முழுநீளப் படத்துக்கு வேண்டிய பணத்தையும் வெனிஸ் விழாவே கொடுத்தது. புதிய நெறியாளர்கள் மிகக் குறைந்த செலவில் சுயாதீனமாகப் படமெடுக்கவென்று அவ்விழா நடத்தும் பயிற்சித் திட்டம் ஒன்றில் ஒரு படத்துக்கு 150,000 யூரோ தரப்பட்டது. பெரிய ஹிந்திப் படங்களின் கணக்கில் இது ஒரு பாட்டுக்குக்கூடக் காணாத தொகை. நட்சத்திரமில்லை, நடனமில்லை, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணிநேரம். 2017 ஏப்ரலில் இந்தியாவில் திரைக்கு வந்தது. மகனாக நடித்த அதில் ஹுசைனுக்கு அந்த வருடம் அறிவிக்கப்பட்ட இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

ரே சோகமாகச் சொன்னார். ஊர் முகம் திருப்பியது. கோஷ் பயங்கரமாகச் சொன்னார்; பார்த்தவர்கள் அது அந்தக் காலம் என்று ஆறுதல் கொண்டார்கள். பூட்டியானி அதையே நகைச்சுவையாகச் சொன்னபோது நாம் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டோம். சிரித்த பிறகு, அந்த ஆள் நானில்லை என்று சொல்ல முடிவதில்லை. தகப்பன் உயிரோடிருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும் அதே மனம், இது எப்போது முடியும் என்றும் கணக்குப் பார்க்கிறது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. அவல நகைச்சுவை என்று சொல்லப்படும் வகை இந்த இரண்டையும் ஒரே காட்சியில் உட்காரவைக்கிறது.

அதைச் சாத்தியமாக்குவது தயா என்ற பாத்திரம். படம் சாகிறவரைப் பார்த்து ஒருபோதும் சிரிப்பதில்லை. எல்லோருக்கும் முன்னே எல்லாம் தெரிந்தவர் அவர்தான். மகனின் கண் கைக்கடிகாரத்தில் இருப்பதும், மருமகளின் சலிப்பும், பேத்திக்கு அந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அந்தர்ஜலிக் கரையில் கிடந்தவருக்கு இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது: எங்கே சாவது, எவ்வளவு காலம் காத்திருப்பது, யார் கூட இருப்பது என்பதை இவரே தீர்மானிக்கிறார். கடைசியில் மகனை வீட்டுக்குப் போகச் சொல்வதும் அவர்தான். மகன் போகிறான். தகப்பன் இறக்கும்போது அவன் பக்கத்தில் இல்லை. பாடை தூக்கத்தான் திரும்பி வருகிறான். அபுவைப் போலத்தான் இவனும் தவறவிடுகிறான். ஆனால் இவனுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அறுபது வருட இடைவெளியில் இந்தக் கதைக்குள் நுழைந்த புதிய விடயம் அந்த அனுமதி என்றே நான் கருதுகிறேன்.

படத்தில் குறையில்லாமலில்லை. அதன் காசி கொஞ்சம் கூடுதலாகத் துப்புரவானது. பிணம் எரித்துப் பிழைக்கும் டோம் சமூகத்தவர் அதில் கண்ணில் படுவதே அரிது. அதற்கு முந்திய வருடம் வந்த நீரஜ் கெய்வானின் ‘மசான்’ அந்தச் சமூகத்து இளைஞன் ஒருவனையே நாயகனாக்கியிருந்ததோடு ஒப்பிடும்போது இது தெளிவாகும். மருமகள் லதாவுக்கும் போதிய இடமில்லை. முதியவர்களைப் பார்க்கும் பாரம் எந்த வீட்டிலும் பெரும்பாலும் பெண்ணின் தோளில்தான் விழுகிறது. மகனுக்கு லீவு பிரச்சினை. மருமகளுக்கு லீவே கிடையாது. அவள் பக்கமிருந்து இந்தக் கதையை யாராவது எடுத்தால் சிரிப்பு இன்னும் கசப்பாக இருக்கும்.

நடிகர்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தயாவாக நடித்தவர் லலித் பெஹல். அவரோடு நட்புக்கொள்ளும் விமலாவாக நடித்தவர் நவ்நீந்திர பெஹல். இவர்கள் நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி. அந்த இரண்டு முதியவர்களுக்கிடையில் தெரியும் இலகுத்தன்மை நடிப்பால் மட்டும் வந்ததல்ல. லலித் பெஹல் 2021 ஏப்ரலில் கொரோனாவால் ஏற்பட்ட சிக்கல்களில் காலமானார். தவணை கேட்க ஒரு விடுதிகூட இல்லாமல், பிள்ளைகள் கைபிடிக்க முடியாமல் பெற்றோர் இறந்துகொண்டிருந்த மாதம் அது. செய்தியைப் பார்த்த அன்றிரவு படத்தை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இம்முறை விதிகளைச் சொல்லும் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நாள் என்பது எவ்வளவு தாராளமான தவணை என்றுதான் தோன்றியது.

இப்போது என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் வாப்பா கடைசியாகப் படுத்தபோது நான் கொழும்பிலிருந்து பத்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆறாம் நாள் காலை நான் சுவரிலிருந்த கலண்டரின் முன் நின்றுகொண்டிருந்தேன். வாப்பா கண்ணை மூடித்தான் கிடந்தார்.

“மகன், லீவு எத்தின நாளைக்கி?”

“அது ஒரு பிரச்சினையும் இல்ல வாப்பா.”

“பத்து நாளெண்டு காக்கா சொன்னாரு.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பத்தாம் நாள் இரவு, புள்ளைகள் தனிய, நீ போ மகன் என்று அவரே சொல்லி அனுப்பினார். கொழும்பில் இறங்கிய மறுநாள் சுபஹு நேரம் தொலைபேசி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு முதன்முதலாக வந்த எண்ணம், இனி லீவுக்காக யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அபுவுக்கும் அப்படித்தான் இருந்தது என்று பின்னாளில் வாசித்தபோது, என்னைவிட மோசமான மகன் ஒருவனைக் கண்டுபிடித்த ஆறுதல் எனக்கு ஏற்படவில்லை. யாரோ எனக்கு முன்பே அந்த இடத்தில் நின்றிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

அந்தப் பெருநாள் இரவில் படம் முடிந்து எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருந்தன. காக்கா எழும்பவில்லை.

“எத்தின நாளைக்கிக் கடையப் பூட்டி வெக்கிறண்டு நானும் அப்ப கணக்குத்தான் பாத்துக்கிட்டு இருந்தன் தம்பி” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“வாப்பாக்குத் தெரியும்” என்றார். “ஒரு நாள் என்னக் கூப்பிட்டு, நீ போய்க் கடையத் தொறவன், நான் இஞ்சதானே கிடக்கன் எண்டு சொன்னாரு.”

அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இந்த முறை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் சிரித்தோம்.